மருத்துவ, தொண்டு நிறுவனங்களுக்கான சிறு சட்ட அலுவலகம்: யாழ்ப்பாணத்தில் பிழைக்க முடியுமா?

2024 மே 5 (வாசகர் கேள்வி)

நான் சத்தியப்பிரமாணம் செய்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் காணி வழக்குகளும் தாபரிப்பு வழக்குகளும் பார்த்து வருகிறேன். தனியார் சிகிச்சை நிலையங்கள், முதியோர் இல்லங்கள், புலம்பெயர்ந்தோர் பணத்தில் இயங்கும் அறக்கட்டளைகள் ஆகியவற்றுக்கு மட்டும் பணியாற்றும் ஓர் அலுவலகத்தைத் தொடங்க விரும்புகிறேன். என் சிரேஷ்டரான சேரிடம் சொன்னேன். "கொழும்பில் நடக்கும், இங்கே பட்டினி கிடப்பாய்" என்றார். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இங்கே இதில் பிழைக்க முடியுமா?

2024 மே 5, இரவு (ஒரு சட்டத்தரணியின் பதில்)

முடியும் தம்பி. ஆனால் முதல் சில ஆண்டுகளுக்குக் காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு வேலையையும் கையில் வைத்திருங்கள். நாளை காலை மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்குத் தவணை இருப்பதால் விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

2024 மே 7

என் அலுவலகத்தில் நானும் ஒரு கனிஷ்டரும் ஒரு லிகிதரும்தான் இருக்கிறோம். இந்த வகைக் கட்சிக்காரருக்காக நீதிமன்றம் ஏறும் நாட்கள் மிகக் குறைவு. ஊரார் என்ன சொல்வார்கள், லண்டனில் உள்ள பழைய மாணவர் சங்கம் என்ன நினைக்கும் என்ற அச்சத்தில் இங்குள்ள தொண்டு நிறுவனங்கள் வழக்கை எப்படியாவது தவிர்க்கவே பார்க்கும். ஆகவே வழக்குக் கட்டணத்தை நம்பி இந்தத் துறைக்கு வருபவர் உங்கள் சேர் சொன்னபடியே பட்டினி கிடப்பார்.

வேலை தொடங்கும் இடம் வேறு. பெரும்பாலானவர்கள் "பதிவு செய்து தாருங்கள்" என்று கேட்டு வருகிறார்கள். அவர்கள் நினைப்பது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவையே. நோயாளர், வறியோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்றோர் ஆகியோருக்குப் பணியாற்றும் அமைப்புகளைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும் அச்சட்டத்தின் நோக்கம். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியவுடன் தங்கள் சங்கம் ஒரு சட்ட ஆளாகிவிட்டதாகவும், இனித் தன் பெயரில் காணி வாங்கலாம் என்றும் நிர்வாகக் குழு நம்பிவிடுகிறது. பதிவு வேறு, கூட்டிணைப்பு, அதாவது சங்கத்தைத் தனியான சட்ட ஆளாக்குவது, வேறு. கூட்டிணைக்கப்பட வேண்டுமானால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக வேண்டும்; அல்லது பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைக்க வேண்டும். கூட்டிணைப்பு இல்லாத மூன்றாவது வழி 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். அங்கே ஆதனம் பொறுப்பாளர்களின் பெயரில்தான் நிற்கும். அவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகி, பிள்ளைகள் மூன்று கண்டங்களில் இருக்கும்போதுதான் ஆதனத்தைப் புதிய பொறுப்பாளருக்கு எப்படி மாற்றுவது என்ற கேள்வி மாவட்ட நீதிமன்றத்துக்கு வரும்.

காணி வைத்திருக்கவும் ஊழியரை நியமிக்கவும் சிகிச்சை நிலையம் நடத்தவும் போகிறவர்களுக்குக் கம்பனியைப் பரிந்துரைப்பேன். தாயாரின் நினைவாகப் புலமைப்பரிசில் கொடுக்க விரும்பும் குடும்பத்துக்கு ஒரு தருமசாதன உறுதி (நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தும் ஆவணம்) போதும். சனசமூக நிலையத்துக்கு இவை எதுவும் வேண்டாம். வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அன்றைய கட்டணம் போய்விடும், உண்மைதான். அப்படி அனுப்பியவர்களே பின்னர் பெரிய வேலையோடு வருகிறார்கள்.

2024 மே 8

"தொண்டு நிறுவனம் கட்டணம் தருமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திறப்பு விழாவுக்குப் பந்தல்காரருக்கு முற்பணம், பதாகை அச்சிட்டவருக்கு முழுப்பணம், மதிய உணவுக்கு ரொக்கம். சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் விதிமுறைகளை, எழுதிய சட்டத்தரணியிடம் வரும்போது மட்டும் "சேர், இது ஒரு தர்ம காரியம்" என்பார்கள்.

2024 மே 12

இந்தத் துறையில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் கருதுவது கட்சிக்காரர் யார் என்ற கேள்வி. காணி வழக்கில் அந்தக் கேள்வி எழுவதில்லை, உங்கள் முன் இருக்கும் மனிதரே கட்சிக்காரர். இங்கே பணம் அனுப்புபவர் ஸ்கார்பரோவில் இருக்கிறார். அறிவுறுத்தல் தருபவர் ஓய்வுபெற்ற அதிபரான தலைவர். வங்கிக் காசோலையில் ஒப்பமிடுபவர் பொருளாளர். பயன் பெறுபவர் ஒரு வாதநோயாளி, அவரை நீங்கள் ஒருபோதும் பார்க்கமாட்டீர்கள். நால்வரும் ஒத்த கருத்தோடு இருக்கும் வரை எல்லோருக்கும் நீங்கள் "எங்கள் லோயர்". தலைவருக்கும் நன்கொடையாளருக்கும் மனக்கசப்பு வந்த அன்று இருவரும் தனித்தனியே உங்களுக்கு அழைப்பார்கள். இருவரும் இரகசியம் என்று சொல்லியே தொடங்குவார்கள்.

ஆகவே நியமனக் கடிதத்தில் முதல் வாக்கியமாகவே, இந்த அலுவலகம் நிறுவனத்துக்குப் பணியாற்றுகிறதேயன்றி அதன் தலைவருக்கோ நிறுவுநருக்கோ நிதி தருபவருக்கோ அல்ல என்று எழுதுகிறேன். அறிவுறுத்தல் நிர்வாகக் குழுவின் தீர்மானமாக எழுத்தில் வர வேண்டும். நிறுவுநர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "நான் தொடங்கிய நிறுவனத்தில் நானே அந்நியனா?" என்று கேட்டார். அவருடைய வீட்டுக் காணி விடயத்தை வேறு சட்டத்தரணியிடம் கொடுக்கும்படி சொன்னேன். அது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. இருந்தும் நிறுவனம் என்னை விட்டுப் போகவில்லை.

2024 மே 19

காணியைப் பற்றி எழுதாமல் யாழ்ப்பாணத்தில் இந்தத் துறையைப் பற்றி எழுத முடியாது. கொழும்பு அலுவலகம் ஒன்று இங்குள்ள நிறுவனத்துக்கு மிக அழகான யாப்பு எழுதித் தரும். காணி கைமாறும் இடத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை குறுக்கே நிற்கும்போது அந்த யாப்பால் பயன் இல்லை.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் இன்னும் அங்கேயே நிற்கிறது. ரொறன்ரோவில் வாழும் அம்மையார் ஒருவர் தமது சீதனக் காணியை இயன்மருத்துவ நிலையம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுக்க முன்வந்தார். கணவர் பல காலமாகப் பிரிந்து கொழும்பில் இருந்தார். தொலைபேசியில் கேட்டபோது, "எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்றார். சம்மதம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அதிகாரம் பெற அதே சட்டம் வழி தருகிறது, விண்ணப்பத்தையும் தயாரித்துவிட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மனிதர், தேர் முடிந்த மறுநாள் தாமாகவே அலுவலகப் படியேறி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒப்பமிட்டுவிட்டுப் போனார். விண்ணப்பம் இன்னும் என் அலுவலகக் கோவையில் இருக்கிறது.

தேடியதேட்டம், அதாவது திருமண காலத்தில் தேடிய சொத்து, இன்னொரு பொறி. திருமணத்துக்குப் பின் விலைக்கு வாங்கிய காணியைக் கணவர் "என் காணி" என்று சொல்லிக் கொடுத்தாலும், நன்கொடையாகக் கொடுக்க அவரிடம் இருப்பது பாதிதான். மனைவியும் ஒப்பமிடாத நன்கொடை உறுதியில் கட்டடம் கட்டத் தொடங்கினால், அவர் காலமான பின் வாரிசுகள் வந்து மற்றப் பாதியைக் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோர்ணித் தத்துவத்தில் (தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணத்தில்) விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் தாராளமாக இருக்கும். நன்கொடை கொடுக்க அதிகாரம் உண்டா என்று தேடிப் பார்த்தால் பல வேளை இருக்காது. இன்னாருக்கு, இன்ன காணியை நன்கொடை கொடுக்க என்று வெளிப்படையாக எழுதிவரச் சொல்லுங்கள். நன்கொடையை நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக அதே உறுதியில் யாராவது ஒப்பமிடவும் வேண்டும். அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்த தீர்மானத்தின் பிரதியைக் கோவையில் வையுங்கள்.

இனிக் கிணறு. நம் பழைய உறுதிகளின் அட்டவணையில் பரப்பளவை லாச்சமும் குளியுமாக எழுதி, நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பின், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் என்று ஒரு வரி வரும். வீட்டுக்கு அது வசதி. சிகிச்சை நிலையத்துக்கு அதுவே தலைவலி. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருக்கும் இந்தக் குடாநாட்டில் மலக்குழியில் விட்டது கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது. ஆய்வுகூடம் வைக்கப் போகும் நிறுவனத்துக்காக ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். துலா கழற்றப்பட்டு, நான்கு வீடுகளின் நீர்ப்பம்பிக் குழாய்கள் ஒரே கிணற்றுக்குள் இறங்கியிருந்தன. கழிவுநீர்த் தொட்டிக்கு அவர்கள் குறித்து வைத்திருந்த இடம் அந்தக் கிணற்றுக் கட்டுக்கு மிக அருகில் இருந்தது. வரைபடத்தைக் கீறிய பொறியியலாளர் உறுதியைப் படித்திருக்கவில்லை. படிக்க வேண்டியது அவருடைய வேலையும் அல்ல. வேறு காணி பார்த்தார்கள்.

2024 மே 20

நேற்று எழுதியது நீண்டுவிட்டது. பருத்தித்துறை நண்பர் முன்கொள்வனவு உரிமையை, அதாவது காணியை முதலில் வாங்கும் உரிமையை, பற்றிக் கேட்கிறார். விற்பனையாக இருந்தால் மட்டுமே 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இணைச் சொந்தக்காரருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். உண்மையான நன்கொடைக்கு அது பொருந்தாது. விற்பனையை நன்கொடை என்று எழுதி அதைத் தாண்டலாமா என்ற உங்கள் அடுத்த கேள்விக்கு நான் பதில் எழுதமாட்டேன்.

2024 மே 26

வங்கி. ஊருக்குப் பணம் அனுப்புவோர் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. "அவர் நல்ல மனிதர்" என்கிறார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுடைய 2016ஆம் ஆண்டின் விதிகள், தொண்டு நிறுவன நிர்வாகிகளின் தனிப்பட்ட கணக்குகளை நன்கொடை சேர்க்கப் பயன்படுத்த வங்கிகள் இடமளிக்கக் கூடாது என்கின்றன. அவர் திடீரெனக் காலமானால் அந்தப் பணம் அவருடைய மரணச் சொத்துக்குள் போய்விடும். முதியோர் இல்லத்தின் அரிசிப் பணத்துக்கு மருமகனிடம் கையேந்த வேண்டியிருக்கும்.

வரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடைகளில் 3 சதவீதம் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படுகிறது. இடம்பெயர்ந்தோர் புனர்வாழ்வு, மனிதாபிமான நிவாரணம் போன்றவற்றுக்கு ஆணையாளர் நாயகம் விலக்கு அளிக்கலாம். நன்கொடையாளருக்கான வரிக் கழிவு இன்னும் இறுக்கமானது: தனியாளுக்கு வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் நோயாளரையோ தேவையுள்ளோரையோ நிலையத்தில் வைத்துப் பராமரிக்கும், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாக இருக்க வேண்டும். வீடுவீடாகச் சென்று பராமரிக்கும் நோவு தணிப்புக் குழு இந்த வரையறைக்குள் சிரமப்பட்டே நுழையும். யாப்பின் நோக்கங்களை எழுதும்போதே இதை நினைக்க வேண்டும். கணக்காய்வாளரோடு சண்டை போடாத சட்டத்தரணிக்கே இங்கே எதிர்காலம். எனக்கு வரும் கட்சிக்காரரில் பெரும்பகுதியினர் கணக்காய்வாளர்கள் அனுப்பியவர்கள்தான். விளம்பரம் செய்ய நமக்கு அனுமதி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

2024 ஜூன் 9

தாதியாக இருந்து இப்போது ஒரு நிலையத்தை நிர்வகிக்கும் அக்கா ஒருவர், "நாங்கள் காசு வாங்குவதில்லையே, எங்களுக்கும் தனியார் மருத்துவ நிறுவனப் பதிவு வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டும் அக்கா. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கட்டணம் வாங்குகிறீர்களா என்று கேட்பதில்லை. வைத்தியசாலை, ஆய்வுகூடம், பல் சிகிச்சை நிலையம், ஆலோசனை அறை ஆகியவற்றோடு நோய்ப் பரிசோதனைச் சேவை நடத்துபவர்களையும் அது உள்ளடக்குகிறது. அரசு நடத்துபவற்றுக்கும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவானவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆகவே ஒரே கூரையின் கீழ் சித்த வைத்தியரும் ஆங்கில வைத்தியரும் இருந்தால் இரண்டு சட்டங்களையும் பார்க்க வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான் நவம்பரிலேயே எல்லா நிலையங்களுக்கும் நினைவூட்டல் அனுப்பிவிடுவேன். மார்கழி மழையில் கையெழுத்துத் தேடி ஓட முடியாது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் பயணப்பெட்டியில் கொண்டுவரும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். நன்கொடை மருந்து நாட்டுக்குள் வரும்போது குறைந்தது ஓராண்டு பாவனைக் காலம் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். இங்கே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையையும் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த மாமாவுக்குக் கோபம் வரும் என்றால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வைத்தியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி கவனயீன வழக்கைப் பற்றியதுதான். குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்காமல் இந்தத் துறைக்கு வர வேண்டாம். கவனயீனம் இருந்ததென்று கண்ட பின்னும், அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதால் இழப்பீட்டுக் கோரிக்கை தோற்றது. தீங்கியல் வழக்குக்கு, அதாவது பிறர் செய்த தீங்குக்கு இழப்பீடு கோரும் வழக்குக்கு, காலவரையறை இரண்டு ஆண்டுகள். இவற்றைச் சொன்னவுடன் வைத்தியரின் முகம் மலரும். அப்போதுதான் சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்வேன். ஒரு நிலையத்தில் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளியின் இடத்தில் பெறாமகன் கையொப்பமிட்டிருந்தார், சத்திரசிகிச்சைத் திகதிக்குக் கீழே சத்திரசிகிச்சையின் பெயர் காலியாக இருந்தது. அந்தத் தாள் நீதிமன்றத்தில் யாரையும் காப்பாற்றாது. தமிழில் ஒரு பக்கத்துக்குள் புதிதாக எழுதிக் கொடுத்தோம். அதை நோயாளிக்கு வாசித்துக் காட்டியவரின் பெயருக்கும் ஓர் இடம் விட்டோம்.

2024 ஜூன் 10

மேலே உள்ளதைப் படித்த ஒருவர் நான் வைத்தியர் பக்கம் என்கிறார். நிலையங்களுக்குப் பணியாற்றுகிறேன், அந்தப் பக்கம்தான். நோயாளிக்காக வழக்காடுவோரும் இந்த ஊரில் வேண்டும். இரண்டையும் ஒரே அலுவலகம் செய்ய முடியாது.

2024 ஜூன் 16

சற்று விலகி ஒரு குறிப்பு. இந்த ஊரில் மருத்துவம் தொண்டு அமைப்புகளின் கையாலேயே வேரூன்றியது. இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் எழுந்த நண்பர் உதவிச் சங்கத்தின் வைத்தியசாலை. மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் கிறீன் வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை 1898இல் வந்தது. அந்த நிறுவனங்களின் பழைய ஆதன ஆவணங்களைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். நிதி தருபவர் கடல் கடந்து இருப்பதும் நிர்வாகிகள் இங்கே இருப்பதும் அன்றும் அப்படியே.

2024 ஜூன் 30

கட்டணத்தைப் பற்றி மே 8இல் பகிடியாக எழுதிவிட்டு விட்டேன். பலர் தனிமடலில் கேட்பதால் ஒழுங்காக எழுதுகிறேன். நடைமுறையில் நான் செய்வது ஆண்டுச் சந்தா. நிறுவனத்தின் செலவு மட்டத்தைப் பொறுத்து மூன்று படிகள் வைத்திருக்கிறேன். அதற்குள் நிர்வாகக் குழுத் தீர்மானங்களைப் பார்த்தல், ஊழியர் கடிதங்கள், புதுப்பித்தல்கள், சிறிய ஒப்பந்தங்கள் அடங்கும். உறுதி முடித்தலும் வழக்கும் தனிக் கட்டணம். இலவசமாகச் செய்வதும் உண்டு. கணக்கறிக்கையைப் பொதுச்சபையில் வாசிக்கும் நிறுவனத்துக்கு மட்டும். வறுமை என்று சொல்லிவிட்டுக் கணக்கைக் காட்ட மறுப்பவர்களுக்கு இலவசமும் இல்லை, கட்டண வேலையும் இல்லை.

வெளிநாட்டு அறக்கட்டளைகளோடு செய்யும் மானிய ஒப்பந்தங்களில் சட்ட, கணக்காய்வுச் செலவுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பது அரிது. கனடாவில் 2022 வரை பதிவு பெற்ற அறக்கட்டளை வெளிநாட்டு வேலையைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது உரிய பொறுப்புக்கூறலோடு மானியமாகவே கொடுக்கலாம். அந்தப் பொறுப்புக்கூறலுக்கு இங்கிருந்து ஆவணம் போக வேண்டும், அதை ஒழுங்காக எழுதித் தருபவர் அவர்களுக்குத் தேவை. சந்தாவை நிலைநிறுத்தியது எனக்கு இந்த வேலைதான். ஆகவே "நொத்தாரிசு வேலை கையில் இருக்கட்டும்" என்று முதல் நாள் சொன்னது இன்றைக்கு ஒருவருக்கு எவ்வளவு பொருந்தும் என்று யோசிக்கிறேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் சமமாக எழுதக்கூடியவர் எனக்கு எடுத்ததை விடக் குறுகிய காலத்தில் நிலைபெறலாம்.

2024 ஜூலை 14

"தொண்டு நிறுவனங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது" என்று ஒரு சகோதரர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனத்தையும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, பொது அதிகாரசபையாகக் கொள்கிறது. ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவருடைய சம்மதமின்றிக் கொடுக்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. புலம்பெயர்ந்த தனியாட்களின் பணத்தில் மட்டும் இயங்கும் நிலையம் இந்த வரையறைக்குள் வராது. வராவிட்டாலும் கேட்பவருக்கு மரியாதையாகப் பதில் எழுதச் சொல்வேன். வாசிகசாலைத் திண்ணையில் எழும் வதந்தி விண்ணப்பத்தை விடச் செலவு கூடியது.

2024 ஓகஸ்ட் 4

"தொண்டர்கள்" என்று பெயரிட்டு மாதப்படி கொடுத்து முழுநேரமாக வேலை வாங்கும் நிறுவனங்கள் இதைப் படிக்கவும். காலை வந்து மாலை போய், விடுமுறைக்கு அனுமதி கேட்கும் ஒருவர் தொழிற் திணைக்களத்தின் கண்ணில் ஊழியரே. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவருடையது 8, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் இன்னும் 3. செலுத்தாமல் விட்ட ஆண்டுகளுக்கு மேலதிகக் கட்டணத்தோடு கேட்பார்கள். அப்போது எந்த நன்கொடையாளரும் அதற்குப் பணம் அனுப்பமாட்டார்.

2024 ஓகஸ்ட் 18

கேள்வி கேட்ட தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். ஒரு முதியோர் இல்லம் தன்னை நிர்வாகக் குழுவில் செயலாளராக இருக்கும்படி கேட்டதாகவும், அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும் என்று நினைப்பதாகவும் சொல்கிறார். ஏற்க வேண்டாம். கூட்டக் குறிப்பை எழுதுபவரும் நீங்கள், அது யாப்புக்கு அமைந்ததா என்று சொல்பவரும் நீங்கள் என்றால் உங்கள் கருத்துக்கு யாரும் விலை கொடுக்கமாட்டார்கள். நிதி மோசடி என்று முறைப்பாடு எழுந்து, தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்துக்கான 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் அமைச்சர் இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் நிலை வந்தால், விளக்கம் கேட்கப்படுவோர் வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். குழுவுக்கு வெளியே நின்று, அவர்களுடைய யாப்பைத் திருத்தித் தர முன்வாருங்கள். கணக்குகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், நியமனக் கடிதத்தைத் தீர்மானத்தோடு பெறுங்கள். சேரின் அலுவலகத்தில் இருந்துகொண்டே இதைச் செய்ய அவரிடம் அனுமதி கேளுங்கள். சிரிப்பார், ஆனால் மறுக்கமாட்டார்.